குப்பை கொடுத்துப் படிப்பு: திருப்பூரில் கணக்கு சரிவருமா?

அசாமில் குவஹாத்தி நகரத்தின் ஓரத்தில் பமோஹி என்று ஒரு சிற்றூர். அங்கே 2016இல் தொடங்கிய அக்ஷர் பள்ளியில் கட்டணமாகப் பணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு 25 பிளாஸ்டிக் பொருட்களை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பால் கவர், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை, எதுவானாலும் சரி. அதுதான் ஃபீஸ். பிள்ளைகள் பை நிறையப் பிளாஸ்டிக்கோடு வரிசையில் நிற்கும் வீடியோ நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் பல தடவை சுற்றிவிட்டது. சேவைச் சங்கக் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து, “இதை நம்ம திருப்பூர்ல செஞ்சா என்னங்க? இங்க இல்லாத குப்பையா?” என்று கேட்டுவிடுகிறார்.

செய்யலாம்தான். ஆனால் அந்த வீடியோவில் பாதிக் கதைதான் இருக்கிறது. திருப்பூருக்கு வேண்டியது மீதிப் பாதி.

பள்ளியைத் தொடங்கியவர்கள் பர்மிதா சர்மா, மாஜின் முக்தார் என்ற இருவர். பர்மிதா அசாம்காரர், மாஜின் அமெரிக்காவிலிருந்து வந்தவர். குளிர்காலத்தில் அந்த ஊர் ஏழைக் குடும்பங்கள் குளிர் காயப் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவார்கள். அந்தப் புகை வகுப்பறைக்குள் வந்து நிறையும். “எரிக்காதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள்” என்று பெற்றோரைக் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதன் பிறகுதான், “ஒன்று ஃபீஸ் கட்டுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கொண்டுவாருங்கள்” என்றார்கள். பிளாஸ்டிக் வர ஆரம்பித்தது. வீட்டில் இனிமேல் பிளாஸ்டிக்கை எரிப்பதில்லை என்று பெற்றோரிடம் உறுதியும் வாங்கிக்கொண்டார்கள். புகையை நிறுத்த ஒரு வழி தேடினார்கள், அந்த வழிக்குக் கட்டணம் என்று பெயர் வைத்தார்கள். நடந்தது அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் அங்கே இருந்தது. பக்கத்தில் கல் குவாரிகள். பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் குவாரிக்குப் போனால் அன்றன்றைக்குக் கூலி. இலவசப் படிப்பு என்று சொன்னால் மட்டும் அந்தக் கூலியோடு போட்டி போட முடியாது. அதனால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அதற்குச் சம்பளம் உண்டு. கையில் கொடுப்பது விளையாட்டுப் பண நோட்டு. அதைக் கொண்டு அங்கே உள்ள கடைகளில் தின்பண்டம், செருப்பு, துணி வாங்கிக்கொள்ளலாம். பெரிய பொருள் வேண்டுமென்றால் பள்ளி அந்த நோட்டை வாங்கிக்கொண்டு ஆன்லைனில் தருவித்துக் கொடுக்கும். பையன் எவ்வளவு நன்றாகப் படிக்கிறானோ அந்த அளவுக்கு மேல் வகுப்புப் பாடம் சொல்லித்தரலாம், சம்பளமும் கூடும். குவாரிக் கூலியோடு மோதியது இந்த ஏற்பாடுதான், பிளாஸ்டிக் இல்லை.

பிளாஸ்டிக்கால் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடை சுமார் 20 கிராம். கிலோவுக்கு 50 பாட்டில். பழைய சாமான் கடைக்காரர் கிலோவுக்கு 25 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறும், இறங்கும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. வாரத்துக்கு 25 பொருள் என்றால் அதில் பாட்டில் ஆறு இருந்தாலே அதிகம். மீதி எல்லாம் சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே. உள்ளே வெள்ளித்தாள் மாதிரி மின்னுகிற அந்த உறைகள் பல அடுக்கு கொண்டவை, பிரித்தெடுக்க முடியாது, எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். ஆக, 40 வாரப் பள்ளி ஆண்டில் ஒரு பிள்ளை கொண்டுவருவது ஏறத்தாழ 240 பாட்டில், ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வருமானம் 120 ரூபாய். அதைக் கொண்டு ஒரு பள்ளியின் ஒரு மாத மின்கட்டணத்தைக்கூடக் கட்ட முடியாது. ஆசிரியர் சம்பளம், சோறு, கட்டடம் எல்லாம் நன்கொடையில்தான் நடக்கின்றன, நடக்கவும் முடியும். குப்பையை வைத்துப் பள்ளி நடக்கிறது என்று யாராவது சொன்னால், நன்கொடையாளரின் பெயரைக் கேளுங்கள்.

அப்படியானால் இது வெறும் விளம்பரமா என்றால், இல்லை. வாங்கிக்கொள்கிற கையாக இருக்கிற குடும்பத்தை இது கொடுக்கிற கையாக மாற்றுகிறது. ஃபீஸ் கட்டிய பெற்றோர் பள்ளிக்கு வந்து கேள்வி கேட்பார்கள். தர்மத்துக்குப் படிக்கவைக்கிறோம் என்ற நினைப்பில் இருப்பவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். 120 ரூபாய்ப் பிளாஸ்டிக் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது என்றால் அது நல்ல முதலீடுதான்.

சேர்ந்த பிளாஸ்டிக்கை அக்ஷரில் பாட்டிலுக்குள் இறுக்கித் திணித்துச் செங்கல் மாதிரி ஆக்கி, திண்ணையும் சுவரும் கட்டினார்கள். பார்க்க அழகாக இருக்கும். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. விலை போகாத உறையை அடைக்க, விலை போகிற பாட்டிலைப் பலி கொடுக்கிறோம். நம் பக்கத்தில் அந்தப் பாட்டிலுக்கு வேறு வழி இருக்கிறது. கரூரில் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் பழைய பாட்டில்களைத் துகளாக்கி, உருக்கி, இழையாக இழுத்துத் துணி நெய்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீல நிற மேற்சட்டையின் துணி அப்படி வந்ததுதான். மெல்லிய பைகளுக்கும் வழி உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூச்சாக உருகவிட்டுத் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார், 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பள்ளிச் சுவருக்குள் புதைப்பதைவிட இவை மேல்.

அக்ஷர் தனியாக இல்லை. பீகாரில் புத்தகயா பக்கம் சேவாபிகா கிராமத்தில் பத்மபாணி பள்ளி, பிள்ளைகள் வழியில் பொறுக்கிவரும் உலர்குப்பையைக் கட்டணமாக ஏற்கிறது. நைஜீரியாவில் லாகோஸ் நகரின் அஜெகுன்லே பகுதியில் மோரிட் பள்ளியில் பெற்றோர் கொண்டுவரும் பாட்டில் மூட்டையை எடைபோட்டு, அந்தத் தொகையை ஃபீஸில் கழித்துக்கொள்கிறார்கள். இந்தோனேசியாவில் 2008இல் யோக்யகர்த்தா அருகே பந்துல் என்ற ஊரில் பம்பாங் சுவெர்தா என்பவர் குப்பை வங்கி தொடங்கினார். குப்பையைக் கொண்டுவந்து போட்டால் பாஸ்புக்கில் வரவு எழுதுவார்கள். அந்த முறை அந்த நாட்டுப் பள்ளிகளுக்கும் பரவிவிட்டது. நம் பள்ளிகளில் இருந்த சஞ்சாயிகா சேமிப்புப் புத்தகம் நினைவிருக்கிறவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. காசுக்குப் பதில் காகிதமும் பாட்டிலும், அவ்வளவே.

இனி திருப்பூர். இங்கே தெருக்குப்பை பிரச்சினையாக இருப்பது உண்மை. கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் குப்பை கொட்டப்படுவதும், ஊர்மக்கள் லாரியை மறிப்பதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் திருப்பூரின் சொந்தக் குப்பை பிளாஸ்டிக் இல்லை, பனியன் வேஸ்ட். அது குப்பையே இல்லை, சரக்கு.

கட்டிங் மேசையில் துணியை அடுக்கி வெட்டும்போது ஓரங்களில் விழுகிற துண்டுகள் மூட்டையாகக் கட்டப்பட்டு வேஸ்ட் குடோனுக்குப் போகும். அங்கே தரையில் உட்கார்ந்து பெண்கள் பிரிப்பார்கள். முதலில் வெள்ளை தனி, கலர் தனி. அப்புறம் கலரிலேயே கறுப்பு, நேவி, சிவப்பு என்று தனித்தனிக் குவியல். ஒவ்வொரு துண்டையும் விரலால் இழுத்துப் பார்க்கிறார்கள். ரப்பர் போல நீண்டு திரும்பினால் அதில் லைக்ரா இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் மறுபடி பஞ்சாக்கும் மெஷினில் லைக்ரா சரியாகப் பிரியாது. எலாஸ்டிக், லேபிள், தையல் நூல் எல்லாவற்றையும் கத்தரித்து எடுக்க வேண்டும். இப்படிப் பிரித்த துண்டுகள் கிழிக்கும் மெஷினில் போய்ப் பஞ்சாகி, பல்லடம், வெள்ளகோவில் வட்டாரத்து ஓ.இ. மில்களில் மோட்டா நூலாகி, மிதியடியும் பெட்ஷீட்டுமாக மாறும். கலர் துணியிலிருந்து வருகிற நூலுக்கு மறுபடி சாயம் வேண்டியதில்லை. சாயம் இல்லையென்றால் கழிவுநீரும் இல்லை. திருப்பூரின் சுற்றுச்சூழல் கதையில் இது உண்மையாகவே நல்ல அத்தியாயம்.

சாயக் கழிவு என்ன செய்யும் என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தேக்கமாக மாறியதும், 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதன் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு ஊர் மாறியதும் இங்கே பல குடும்பங்களின் சொந்த அனுபவம்.

சேவைச் சங்கத்துக்காரரின் யோசனை இந்த இடத்தில்தான் வழுக்கும். காசு வருகிற குப்பை பனியன் வேஸ்ட்தான். அப்படியானால் பள்ளிக்குப் பத்து மூட்டை அனுப்பிவைத்து, சனிக்கிழமை மதியம் பிள்ளைகளைக் கலர் பிரிக்கச் சொன்னால் என்ன? படிப்புக்கும் ஆச்சு, சுற்றுச்சூழலுக்கும் ஆச்சு.

செய்யவே கூடாது. முதலில் தூசி: பிரிக்கிற இடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அடுத்தது சட்டம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று ஆக்கினார்கள். பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற ஓரிரு விலக்குகள் உண்டு, கம்பெனி அனுப்பிய மூட்டை அதில் வராது. மூன்றாவது திருப்பூர்க்காரருக்கு உடனே புரியும்: சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் வேஸ்டைச் சீருடைப் பிள்ளைகள் பிரிக்கிற போட்டோ ஒன்று வெளியே போனால், அந்தக் கம்பெனி எந்த விளக்கம் சொன்னாலும் எடுபடாது. 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் இது. குழந்தைத் தொழிலாளர் என்ற பேச்சு எழுந்தாலே இங்கே ஆர்டர் ஆட்டம் காணும்.

அந்தப் பேச்சு ஆதாரம் இல்லாமல் எழுந்ததும் இல்லை. டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து கை மடித்துக் கொடுக்கிற வேலைக்கு ஒரு காலத்தில் பிள்ளைகள்தான். இன்று ஓனராக இருப்பவர்கள் சிலரும் அப்படித் தொடங்கியவர்களே, அதைப் பெருமையோடு சொல்வார்கள். கூடவே கை மடித்து, அந்த இடத்திலேயே நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் சொல்வதில்லை. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று மூன்றாண்டு ஒப்பந்தத்தில் பதின்வயதுப் பெண்களை விடுதியில் வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டிய முறையும் இதே வட்டாரத்தில் நடந்ததுதான்.

படிப்போடு சம்பாத்தியம் என்ற யோசனைக்கு நம்மிடம் நீண்ட வரலாறும் இருக்கிறது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி வைத்த திட்டம் கிட்டத்தட்ட இதுவே. பிள்ளைகள் ஒரு கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் கற்கட்டும், அவர்கள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளம் வரட்டும். நூற்பும் நெசவும் அதில் முதலிடம். அன்றைக்கு அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இயங்கியது திருப்பூரில். கதர் வியாபாரத்தின் தலைநகராக இருந்த ஊர் இது. ஆகவே அந்த யோசனை இந்த ஊருக்கு அந்நியமே இல்லை. ஆனால் அதே மாநாட்டில் பொருளாதாரப் பேராசிரியர் கே.டி. ஷா எழுந்து எதிர்த்தார். பள்ளிப் பிள்ளைகள் சம்பளமில்லாமல் செய்கிற பொருள் சந்தைக்கு வந்தால் கைவினைஞர் பிழைப்பு என்னாவது என்பது அவர் கேள்வி. திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவும், வருமானத்தில் கண் வைத்தால் கல்வி பின்னுக்குப் போய்விடும் என்று தன் அறிக்கையிலேயே எச்சரித்தது. இரண்டும் இன்றைக்கும் பொருந்துகின்றன. பிள்ளைகள் பனியன் வேஸ்ட் பிரித்தால் குடோனில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் கூலிக்கு என்ன ஆகும்? பாட்டில் சேர்த்தால், சைக்கிளில் சாக்கு கட்டிக்கொண்டு வருகிறவருக்கு?

1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது போனது. அதனால் தமிழ்நாட்டில் பிள்ளை கையில் வேலையைக் கொடுக்கிற எந்தத் திட்டமும் சந்தேகத்தோடு பார்க்கப்படும். அந்தச் சந்தேகம் நல்லது. பெரும்பாலும் எந்தப் பிள்ளைகளைக் குப்பை பொறுக்கச் சொல்வோம் என்று யோசித்துப் பாருங்கள். கட்டணம் கட்டுகிற மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளை அல்ல.

சரி, எதைத்தான் செய்வது? அதற்கு முன் பணம் எங்கே தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஃபீஸ் கிடையாது. புத்தகம், நோட்டு, சீருடை, காலணி, பஸ் பாஸ், மதியச் சோறு, 2022இலிருந்து தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் அரசு கொடுக்கிறது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். நடுவில்தான் பள்ளம். ஒன்பதாம் வகுப்பு தாண்டி, பதினான்கு பதினைந்து வயதில், உயரம் வந்துவிடும். அண்ணனோ மாமாவோ கம்பெனியில் இருப்பார். லீவில் செக்கிங்குக்கோ அயர்னிங்குக்கோ போய் வந்தால் சனிக்கிழமை கையில் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இன்னும் கொஞ்சம். பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தால் அரசு தருகிற ஊக்கத்தொகை மொத்தம் 5,000 ரூபாய், 1,500, 1,500, 2,000 என்று வைப்பில் போட்டு, படிப்பு முடித்த பின் கைக்கு வரும். நல்ல திட்டம். ஆனால் பதினைந்து வயதுப் பையனுக்கு அடுத்த சனிக்கிழமை தெரிகிற அளவுக்கு மூன்று வருஷம் கழித்து வருவது தெரியாது. பமோஹியில் குவாரி என்றால் இங்கே சனிக்கிழமைச் சம்பளம். பள்ளித் திட்டத்தின் பணம் போக வேண்டிய இடம் இந்த வயதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் பாட்டில் எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வேலை என்று வரும்போது என் வாக்கு நாற்றங்காலுக்கு. திருப்பூரில் 2015இலிருந்து வெற்றி அமைப்பின் ‘வனத்துக்குள் திருப்பூர்’ முயற்சியில் பல லட்சம் மரங்கள் நடப்பட்டுவிட்டன. மரக்கன்று தேவைப்படுகிற ஊர் இது. பருவமும் பள்ளி ஆண்டோடு ஒட்டி வருகிறது. ஜூனில் பள்ளி திறக்கும். ஆனியிலும் ஆடியிலும் வேப்பம் பழம் உதிரும், நாவல் பழமும் அப்போதுதான். வேப்பங்கொட்டைக்கு உயிர் சில வாரம்தான் நிற்கும், டப்பாவில் போட்டு வைத்து அடுத்த வருஷம் விதைத்தால் ஒன்றும் முளைக்காது. பழத்தைப் பிசைந்து சதையைக் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, உடனே போட்டுவிட வேண்டும். கறுப்பு நாற்றுப் பை வாங்க வேண்டாம். அரை லிட்டர் பால் கவரின் வாயை நேராக வெட்டி, கழுவி, அடியில் நான்கு ஓட்டை போட்டால் பை தயார். செம்மண், மணல், தொழு உரம் சம பங்கு. ஒரு கவருக்கு இரண்டு விதை. வீட்டுப் பிளாஸ்டிக் பள்ளிக்கு வருவதற்கு இது ஒரு காரணமாகவும் இருக்கும், ஆனால் எண்ணிக்கைக்காக யாரும் அலைய மாட்டார்கள். ஐப்பசி மழைக்குள் கன்று ஓரடியை எட்டும். நடுகிறபோது கவரைக் கிழித்துத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், குழிக்குள் புதைக்கக்கூடாது. பல பள்ளித் தோட்டங்கள் கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்துபோகின்றன. இந்த முறையில் மே மாதம் பள்ளியில் கன்றே இருக்காது.

இதிலும் வருமானக் கணக்கை ஒளிக்காமல் போடுவோம். 40 பேர் வகுப்பு, ஆளுக்கு 25 கன்று, மொத்தம் ஆயிரம். முன்னூறு போய்விடும். எழுநூறைத் தலா பத்து ரூபாய்க்குக் கொடுத்தால் 7,000. மண், உரம், தண்ணீர் என்று 1,500 போனால் மீதி 5,500. ஆளுக்கு 137 ரூபாய் ஐம்பது பைசா. பாட்டிலில் வந்த 120க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தப் பசுமைத் திட்டமானாலும் சட்டத்துக்கும் உடம்புக்கும் கேடில்லாமல் பிள்ளைகள் செய்தால் வருமானம் இந்த அளவில்தான் நிற்கும். அதனால் காசு எதில் அதிகம் என்று பார்த்து வேலையைத் தேர்ந்தெடுப்பதே தவறான தொடக்கம். முளைக்கும் விதையின் கணக்கு, இறப்பு விகிதம், மண், பருவம், செலவுப் பதிவேடு, விற்பனை ரசீது என்று நாற்றங்காலில் அறிவியலும் கணிதமும் வணிகவியலும் சேர்ந்து வருகின்றன. பாட்டில் எண்ணுவதில் எண்ணிக்கை மட்டும்தான் வரும்.

நிஜமான பணம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதை அக்ஷர் வழியில் பாடம் சொல்லிக்கொடுப்பதற்குத் தரலாம். நமக்கு முன்மாதிரியும் இருக்கிறது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் பாடம் எடுத்த தன்னார்வலர்களுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. அதே போல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு மாலை கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு நாற்றங்காலையும் கணக்கையும் சொல்லித்தரட்டும். மாதம் 500 என்றாலும் ஆண்டுக்குப் பத்து மாதத்தில் 5,000, இரண்டு ஆண்டில் 10,000. அரசு கலைக் கல்லூரியில் சேரும் செலவுக்கு அது தாராளம். திருப்பூரில் இந்த வேலைக்குத் தனிப் பயனும் உண்டு. ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் தொடக்கப் பள்ளிகளில் இருக்கிறார்கள், தமிழ் பிடிபடாமல் தவிக்கிறார்கள். இங்கேயே வளர்ந்து இரண்டு மொழியும் பேசும் ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண், புதிதாக வந்த பிள்ளைக்கு எந்த ஆசிரியராலும் முடியாததைச் செய்துவிடுவாள்.

வயது விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். உதவித்தொகை 14 முடிந்தவர்களுக்கு மட்டும். அவர்களுக்கும் இரவு 7 மணிக்கு மேல் வேலை கூடாது என்று சட்டமே சொல்கிறது, ஆகவே ஆறரைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் நாற்றங்காலில் செய்வது பாடம், அதற்குக் காசு கிடையாது, இலக்கும் கிடையாது. வராத நாளுக்கு அபராதமும் கிடையாது. யார் பிளாஸ்டிக் அதிகம் கொண்டுவந்தது என்று போர்டில் பெயர் எழுதினால், அம்மா கடையில் புது பாட்டில் வாங்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தனுப்புவார்.

பணம் கொடுப்பவர் யார்? பெரிய கம்பெனிகளுக்கு 2013 கம்பெனிச் சட்டத்தின்படி சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பொறுப்புச் செலவு இருக்கிறது. ஆனால் திருப்பூரில் பாதிக்கு மேல் சின்ன யூனிட், பங்குதாரர் நிறுவனம், ஜாப் ஒர்க். அவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பள்ளியின் இருபது பிள்ளைகளுக்கு மாதம் 10,000 ரூபாய் போடுவது, ஆளுக்கு ஆயிரம்தான், பெரிய காரியமில்லை. ஒரு நிபந்தனை: தங்கள் கம்பெனி வேஸ்டுக்கும் பள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக்கூடாது. அது குடோனுக்கே போகட்டும், வந்த காசில் ஒரு பங்கு பள்ளிக்கு வரட்டும்.

கணக்கு வழக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானமாக எழுத வேண்டும். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். தொகை ஆசிரியர் கையிலோ சங்கத் தலைவர் கையிலோ போகாமல் பிள்ளையின் பெயரில் ஏற வேண்டும். பத்து வயது தாண்டியவர் தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம். வங்கிகளும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே கணக்கை இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. வைப்புத் தொகையில் போட்டுப் பூட்டிவைக்க வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம் வரும், கல்லூரி விண்ணப்பமும் அதை ஒட்டியே திறக்கும், அந்தப் பதினைந்து நாளில்தான் கம்பெனியிலிருந்து, “தம்பி சும்மாதானே இருக்கான், வரச்சொல்லுங்க” என்று ஆள் வரும். பணம் அந்த வாரம் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும்.